சேலம், ஏற்காட்டில் வீட்டு நீச்சல் குளம்: குழி தோண்டும் முன் தொடங்கி தண்ணீர் வெளியேற்றும் வரை

சேலத்துக்காரர்களுக்கு நீச்சல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கிணறுதான். இடுப்பில் சுரைக்குடுக்கையோ காலி கேனோ கட்டிக்கொண்டு, மாமாவோ சித்தப்பாவோ மேலிருந்து தள்ளிவிட, நாலு வாய் தண்ணீர் குடித்துத்தான் நம்மில் பலர் நீச்சல் கற்றோம். கிணற்றைப் பார்த்தாலே பயம் வரும். சின்னப் பிள்ளையை யாரும் தனியாக அதன் பக்கம் விட மாட்டார்கள். நீல டைல்ஸ் ஒட்டிய நாலடிக் குளத்தைப் பார்த்தால் அந்தப் பயம் வருவதில்லை.

குளம் பராமரிக்கும் வேலையில் இருப்பதால் பல வீடுகளுக்குப் போகிறேன். பெரும்பாலும் ஒரே கதைதான். முதலில் குழி, பிறகு அனுமதி, கடைசியில் வேலி. சில வீடுகளில் வேலி வருவதே இல்லை. இந்த வரிசையை அப்படியே மாற்றிப் போடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: நிலம் யார் எல்லையில் இருக்கிறது?

ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி, அழகாபுரம் என்றால் மாநகராட்சி. ஊரின் ஓரத்தில் இருப்பவர்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். மாநகராட்சியா, பேரூராட்சியா, ஊராட்சியா என்று அதிலேயே இருக்கும். எங்கே இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். விண்ணப்பத்தை ஒற்றைச் சாளர இணையதளம் வழியாகப் போடலாம்.

2024இல் வந்த சுயசான்று முறையைப் பலரும் கேட்கிறார்கள். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் வீட்டுக்கு உடனே அனுமதி கிடைக்கும் ஏற்பாடு அது. அதை நம்பி, "வீட்டுக்கு வாங்கிவிட்டோம், குளத்தை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடாதீர்கள். வரைபடத்திலேயே குளம் இருக்க வேண்டும். நீளம், அகலம், இரண்டு முனையிலும் ஆழம், மதில் சுவரிலிருந்து எத்தனை அடி, மோட்டார் அறை எங்கே, கழிவு நீர் எந்தப் பக்கம் போகிறது என்று எல்லாம் அதில் வரட்டும். பட்டா, வில்லங்கச் சான்று, நில அளவை வரைபடம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு உரிமம் பெற்ற பொறியாளரிடம் போனால் பாதி அலைச்சல் மிச்சம்.

உங்கள் குடும்பம் மட்டும் குளிக்கும் குளம் வேறு, காசு வாங்கி ஆட்களை இறக்கும் குளம் வேறு. இரண்டாவது வகைக்கு உள்ளாட்சி அமைப்பில் தனி உரிமம் வேண்டும். ஏற்காட்டில் இரண்டு அறையை வாரக்கடைசிக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் "இது வீட்டுக் குளம்தானே" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வாடகை கொடுத்து வந்த பிள்ளை அந்தத் தண்ணீரில் இறங்கினால் அது பொதுக் குளம் மாதிரிதான். அப்படி நினைத்தே நடத்துங்கள்.

படி 2: மலை என்றால் கூடுதலாக இரண்டு கதவு

சேர்வராயன் மலையில் மாநில விதிகளோடு முடியாது. 1990இல் அமைத்த மலையிடப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது. ஹாக்கா என்று சொன்னால்தான் ஏற்காட்டில் எல்லோருக்கும் புரியும். அதன் பட்டியலில் உள்ள ஊர்களில் கட்டட விண்ணப்பம் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகியவற்றின் கருத்தையும் கேட்டுவிட்டுத்தான் நகரும். இதற்கு நாள் ஆகும். நான்கு மாதத்தில் கோடை விழா வருகிறது, அதற்குள் குளம் வேண்டும் என்று மனக்கணக்கு போடாதீர்கள்.

இரண்டாவது கதவு மரம். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, உங்கள் சொந்தத் தோட்டத்தில் நிற்கும் சில்வர் ஓக்காகவே இருந்தாலும் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. மரத்தை விட்டுக் குளத்தைத் தள்ளி வையுங்கள். இலை உதிர்ந்து விழும் தொல்லையும் குறையும். ஜேசிபியை மலையேற்றும் முன்பும் அனுமதி கேட்டுவிடுங்கள்.

படி 3: இடம் பார்ப்பது

25 அடி நீளம், 12 அடி அகலம், 4 அடி ஆழம். இது சின்னக் குளம்தான். மொத்தம் 1,200 கன அடி, ஏறக்குறைய 34,000 லிட்டர். எடையாகச் சொன்னால் 34 டன். தண்ணீர் மட்டுமே இவ்வளவு, கான்கிரீட் தனி.

இந்த 34 டன்னைச் சரிவில் எப்படி உட்கார வைக்கிறீர்கள் என்பதில்தான் மலைக் குளத்தின் ஆயுள் இருக்கிறது. மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டிச் சமமாக்கி அதன் மேல் கட்டுவது சுலபமான வழி. அப்படிக் கட்டிய ஒரு குளத்தைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். பாதி குளம் கெட்டி மண்ணில், பாதி கொட்டிய மண்ணில். இரண்டும் சேரும் இடத்தில், தரையில் நேர்கோடாக ஒரு விரிசல். நகம் நுழையும் அகலம். மேஸ்திரி மூன்று முறை பூசியும் மூன்று முறையும் அதே இடத்தில் திறந்திருந்தது. கொட்டிய மண் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் அமுங்கும், கெட்டி மண் அமுங்காது. பூச்சு என்ன செய்யும்? முழுக்குளமும் வெட்டிய கெட்டி மண்ணில் உட்கார வேண்டும். கீழ்ப்பக்கம் தாங்குசுவர் கட்டி அதில் மழைநீர் வடியும் துளைகள், அதாவது நீர்க்கண்கள் விடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

கீழே சமவெளியில் பிரச்சினை வேறு. மூக்கனேரி மாதிரி ஏரிப் பக்கம் நிலத்தடி நீர் மேலே வரும் இடங்களில், மழைக்காலத்தில் காலி செய்த குளத்தைக் கீழிருந்து தண்ணீர் தூக்கும். படகு மாதிரியே தூக்கும், தரை பிளந்துவிடும். அடியில் நீர் அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் குளத்தைக் காலி செய்யாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு, இதை எந்த விதியிலும் தேட வேண்டாம்: சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் குளம் தெரிய வேண்டும்.

படி 4: கான்கிரீட்

இதைப் பொறியாளர் பார்த்துக்கொள்வார். நீங்கள் இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். தண்ணீர்த் தொட்டிகளுக்கான ஐஎஸ் 3370 தரப்படி வடிவமைத்தாரா, கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம்30க்குக் குறையாமல் இருக்கிறதா? டைல்ஸ் ஒட்டும் முன் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் வையுங்கள். மட்டம் இறங்கினால் வெயிலில் ஆவியானதா, கசிவா என்று சண்டை வரும். ஒரு பக்கெட்டில் தண்ணீர் ஊற்றிக் குளத்தின் படியில் பாதி முங்க வைத்து, பக்கெட்டின் உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். மறுநாள் பக்கெட்டுக்குள் இறங்கியதைவிடக் குளத்தில் அதிகம் இறங்கியிருந்தால் கசிவுதான்.

படி 5: உறிஞ்சும் குழாயும் மின்சாரமும்

அடியில் தண்ணீரை மோட்டாருக்கு இழுக்கும் வடிகால் ஒன்றுதான் இருக்கிறது, அதன் மூடி உடைந்திருக்கிறது என்றால் அந்தக் குளத்தில் யாரும் இறங்கக்கூடாது. நீள முடியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். குழந்தையின் வயிறோ முதுகோ அதன் மேல் ஒட்டிக்கொண்டால் பெரியவர் இழுத்தாலும் விடாது. அதனால் குறைந்தது மூன்றடி இடைவெளியில் இரண்டு வடிகால் வைத்து ஒரே குழாயில் சேர்க்க வேண்டும். ஒன்று அடைபட்டால் மற்றது இழுக்கும், பிடி விட்டுப்போகும். மூடி தட்டையாக இல்லாமல் கவிழ்த்த கிண்ணம் போல இருக்கட்டும். மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் குளக்கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வேண்டும், வீட்டில் எல்லோருக்கும் அது எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும்.

தண்ணீருக்குள் வைக்கும் விளக்கு 12 வோல்ட் மட்டும்தான். மோட்டார், விளக்கு எல்லாவற்றுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக விழும் சுவிட்ச்) போட்டு, நல்ல எர்த் கொடுத்து, மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். "டக்" என்று விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றுங்கள்.

படி 6: வேலி

தண்ணீர் விடும் முன் வேலி முடிந்திருக்க வேண்டும். இதில் மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை.

குறைந்தது நாலடி உயரம். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் நாலு அங்குலத்துக்குக் குறைவு. அடியிலும் அவ்வளவுதான் இடைவெளி. படுக்கைக் கம்பி வைத்தால் பிள்ளை ஏணியாக ஏறும், நேர்க்கம்பி வையுங்கள். பக்கத்தில் பூந்தொட்டி, நாற்காலி, மோட்டார் பெட்டி எதுவும் வேண்டாம். வீட்டுச் சுவரே ஒரு பக்க வேலி என்றால், அந்தச் சுவரில் உள்ள கதவுதான் உங்கள் வேலியின் ஓட்டை.

கேட் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், ஸ்பிரிங்கில் தானாக மூட வேண்டும், தாழ்ப்பாளும் தானாக விழ வேண்டும். தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், நாலரை அடிக்கு மேல். சோதிப்பது எளிது. கேட்டை ஒரு கை அகலம் மட்டும் திறந்து விட்டுவிட்டுத் திரும்பி நில்லுங்கள். தாழ்ப்பாள் விழும் சத்தம் காதில் கேட்க வேண்டும். முழுசாகத் திறந்து விட்டால் எல்லா கேட்டும் வேகத்தில் மூடிக்கொள்ளும். கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது மூடாத கேட்தான் ஆபத்து. மழைக்குப் பிறகு ஸ்பிரிங் துருப்பிடிக்கும், ஞாயிற்றுக்கிழமை தோறும் பாருங்கள்.

படி 7: தண்ணீரும் குளோரினும்

நம் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. வெள்ளைக்கல் மலைகள் இருக்கும் ஊர் இது. குழாயில், டைல்ஸ் ஓரத்தில் வெள்ளைப் படிவு கட்டும். நிரப்பும் முன் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள்.

தினமும் பார்க்க வேண்டியவை இரண்டு: பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.8 வரை, குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை. பிஹெச் ஏன் முக்கியம் என்றால், 7.5இல் நீங்கள் போட்ட குளோரினில் பாதி கிருமியைக் கொல்லும் நிலையில் இருக்கும். 8க்குப் போனால் கால்வாசி அளவுதான். குளோரினை எவ்வளவு கொட்டினாலும் சரியாக வேலை செய்யாது, கண் மட்டும் எரியும்.

நம் 34,000 லிட்டர் குளத்தில் 1 பிபிஎம் ஏற்ற 34 கிராம் குளோரின் தேவை. 65 சதவீதக் குருணைக் குளோரின் என்றால் சுமார் 52 கிராம். 30 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் சுமார் 113 கிராம், கரைத்துத் தெளிய வைத்து மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். வெயில் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் சாயங்காலம் போடுங்கள்.

எப்போதும் தண்ணீரில் மருந்தைப் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஆசிட்டும் குளோரினும் ஒரே அலமாரியில் இருக்கக்கூடாது, இரண்டும் சேர்ந்தால் விஷவாயு. குருணைக்கு வைத்த கரண்டியை மாத்திரைக் குளோரின் டப்பாவில் விடக்கூடாது, வெடிக்கும். ஃபில்டர் ஓடும் நேரத்தைக் குறைத்துக் கரண்ட் பில் மிச்சம் பிடிக்காதீர்கள். குளத்துத் தண்ணீர் முழுவதும் எட்டு மணி நேரத்துக்குள் ஒருமுறை ஃபில்டர் வழியாகப் போய் வர வேண்டும். தரையில் உள்ள வடிகால் மூடி கரையிலிருந்து தெளிவாகத் தெரியவில்லை என்றால் அன்று குளியல் கிடையாது.

படி 8: யார் பார்க்கிறார்கள்?

மூழ்குகிற பிள்ளை கத்தாது, கை தட்டாது. சத்தமே இல்லாமல் போய்விடும். விசேஷ வீட்டில் இருபது பேர் கரையில் இருந்தும் யாரும் பார்க்காமல் போவது இதனால்தான். அதனால் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லிக் கொடுங்கள்: "பத்து மணி வரை சித்தி, அப்புறம் நான்." அவர் கையில் போன் இருக்கக்கூடாது. விருந்தினர் வரும் இடம் என்றால் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர், மிதவை வளையம், நீளக் கழி, கரையில் பெயின்டில் எழுதிய ஆழ அடையாளம் எல்லாம் வேண்டும். ஐந்தடிக்குக் குறைந்த ஆழத்தில் தலைகீழாகப் பாய அனுமதிக்காதீர்கள், கழுத்து உடையும்.

தண்ணீரிலிருந்து தூக்கப்பட்டவரிடம் மூச்சு இல்லை என்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க நேரம் செலவழிக்காதீர்கள். வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல், இப்படியே தொடருங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகம். அதே நேரத்தில் இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் அரசு மருத்துவமனைக்கு வர நேரம் ஆகும். வண்டி வரும் வரை அந்த உயிர் உங்கள் கையில்தான் இருக்கிறது. வீட்டில் இரண்டு பேராவது இதை முறையாகப் பயின்றுவிடுங்கள்.

படி 9: தண்ணீரை வெளியேற்றுவது

குளோரின் தண்ணீரை அப்படியே ஓடையில் விடாதீர்கள். மலையில் விடுவது கீழே நம் திருமணிமுத்தாறு பக்கம் வரலாம், வழியில் பக்கத்துக் காப்பித் தோட்டமும் இருக்கும். குளோரின் போடுவதை நிறுத்தி சில நாள் வெயிலில் விட்டு, சோதனைக் குழாயில் அந்தத் தண்ணீரை எடுத்து, குளோரின் சோதனைச் சொட்டு மருந்து விட்டுப் பாருங்கள். நிறம் மாறாமல் வெறும் தண்ணீராகவே இருந்தால் திறந்துவிடலாம்.

குளத்தைப் பயன்படுத்தாத மாதங்களிலும் மோட்டாரை ஓட்டுங்கள். நல்ல தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறந்துவிடும். 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டப்படி சுகாதார ஆய்வாளர் உள்ளே வந்து பார்க்கலாம். அவர் வந்தால் கதவைத் திறந்து விட்டு, தேதி போட்டு பிஹெச், குளோரின் அளவு எழுதிய உங்கள் நோட்டைக் காட்டுங்கள்.