சிம் மாற்றப் போகிறீர்களா? குடையடியில் விடும் பிழைகள்

கிளிநொச்சிச் சந்தைப் பக்கமோ புதுக்குடியிருப்புச் சந்தியிலோ கலர்க்குடை விரித்து, ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு சிம் கொடுக்கிறார்கள். சிம் இலவசம், கூடவே கொஞ்ச டேட்டாவும். சுற்றி நிற்பது பெரும்பாலும் ஏ.எல். எழுதிய பிள்ளைகள். அண்ணன்மார் விட்ட அதே பிழைகளை இப்போது தம்பிமார் விடுகிறார்கள். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதே என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை, அதை விடுவோம்.

சந்தியில் சிக்னல் பார்த்து வீட்டுக்கு சிம் வாங்குவது

குடை போட்ட இடத்தில் சிக்னல் நன்றாகத்தான் இருக்கும், அதனால்தான் அங்கே குடை. பார்க்க வேண்டியது உங்கள் வீட்டுக்குள்ளே, இரவு எட்டு மணிக்கு. அண்ட்ரொய்ட் போனில் செட்டிங்சுக்குள் போய் ‘அபவுட் போன்’, ‘சிம் ஸ்டேட்டஸ்’ என்று திறந்தால் சிக்னல் அளவு டி.பி.எம். கணக்கில் தெரியும். 4ஜியில் -90 அளவில் நின்றால் நல்லது. -115ஐத் தொட்டால் அந்த சிம்மை மறந்துவிடுங்கள். அளவு நல்லதாக இருந்தும் வீடியோ சுற்றிக்கொண்டே நின்றால், அந்த ரவரில் ஆட்கள் நெரிசல். பகலில் சோதித்தால் இது பிடிபடாது. தகரக் கூரை சிக்னலை மறிக்கும் என்பதால் 4ஜி ரௌட்டரை அலுமாரிக்கு மேலே வைக்காமல் ரவர் இருக்கும் பக்கத்து யன்னலில் வையுங்கள். ரவர் தூரமென்றால் 900 மெகாஹேர்ட்ஸ் அலை வந்து சேரும் இடத்துக்கு 1800 வராது. எல்லாப் போனும் எல்லா அலையையும் பிடிக்காது. ஒருவருக்கு இழுக்கிற சிம் பக்கத்து வீட்டில் வேறு போனில் இழுக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொருவரின் ஐசியில் (அடையாள அட்டையில்) சிம் எடுப்பது

இதைப் பார்க்கும்போதுதான் எரிச்சல் வருகிறது. பிள்ளை ஐசி கொண்டு வரவில்லை. விற்கிறவர், “பரவாயில்லை தம்பி, என்ர ஐசியில போட்டுத் தாறன்” என்கிறார். அவருக்கு அன்றைக்கு இத்தனை புது இணைப்பு என்று இலக்கு இருக்கிறது. நிறுவனங்களின் போட்டியில் எண்ணப்படுவது புது இணைப்புத்தான். அது யார் பெயரில் கிடக்கிறது என்ற கவலை குடையடியில் ஒருவருக்கும் இல்லை.

மல்லாவிப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் அப்படி எடுத்த நம்பரை வங்கிக்கும் வட்ஸ்அப்புக்கும் கொடுத்திருந்தார். வயலுக்குப் போன இடத்தில் போன் வாய்க்காலுக்குள் விழுந்து சிம்மும் போய்விட்டது. அதே நம்பரில் புது சிம் கேட்டு வவுனியாவுக்குப் போனால், பதிவான ஆள் ஐசியுடன் வரவேண்டும் என்றார்கள். விற்றவர் அந்த வேலையை விட்டுப் போயே மாதக்கணக்கு. மச்சான் பெயரில் எடுத்து, மச்சான் பிரான்சுக்குப் போன வீடுகளிலும் இதே கூத்துத்தான்.

இன்றைக்கே #132# அடியுங்கள். உங்கள் ஐசியில் பதிவான இணைப்புகள் தெரியும். கையில் இருக்கும் நம்பர் அதில் இல்லையென்றால் பதிவான ஆளையும் கூட்டிக்கொண்டு, இரண்டு பேருடைய ஐசியோடும் நிறுவனத்தின் சேவை நிலையத்துக்குப் போய்ப் பெயரை மாற்றுங்கள். ஆளைப் பிடிக்க முடியாதென்றால் உங்கள் பெயரில் புது சிம் எடுத்து, பழையது வேலை செய்யும்போதே மாறிவிட வேண்டும். முதலில் வங்கிக் கிளை, ஐசியும் பாஸ் புத்தகமும் வேண்டும். அடுத்தது வட்ஸ்அப்பில் ‘சேஞ்ச் நம்பர்’. பழைய சிம்மை அவசரப்பட்டு எறிய வேண்டாம். பாவிக்காமல் கிடந்து வெட்டுப்பட்ட நம்பரை நிறுவனம் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கும், உங்கள் ஓ.டி.பி. அவருக்குப் போகும்.

மறுபக்கமும் உண்டு. #132# அடித்ததில் தெரியாத நம்பர் வந்தால், உங்கள் ஐசிப் பிரதியில் யாரோ இலக்கை நிரப்பியிருக்கிறார்கள். அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்துத் துண்டியுங்கள். அந்த நம்பரால் மோசடி நடந்தால் பொலிஸ் முதலில் தேடி வருவது பதிவில் உள்ள பெயரைத்தான். இனிமேல் பிரதி கொடுத்தால் அதன் குறுக்கே திகதியும் ‘ஒரு சிம்முக்கு மட்டும்’ என்றும் பேனையால் எழுதிக் கொடுங்கள்.

இரவு ஜிபியையும் சேர்த்துக் கூட்டுவது

நீங்கள் நித்திரை கொள்ளும் நேரத்து டேட்டா அது. ‘எனிடைம்’, அதாவது எந்த நேரமும் பாவிக்கக்கூடிய டேட்டா, எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

துணைக்கு இரண்டாவது சிம், அதே நிறுவனத்தில்

நம்பரின் முதல் மூன்று இலக்கத்தைப் பாருங்கள். 077, 076, 074 மூன்றும் டயலொக். எயார்டெல்லை 2024இல் டயலொக் வாங்கியதால் 075உம் அந்த வீட்டுப் பிள்ளைதான். 2018இல் எடிசலாட்டோடு சேர்ந்ததில் 072, 078 இரண்டும் ஹட்ச். 070, 071 மொபிட்டல். 077க்குத் துணையாக 076 வைத்திருப்பவர்களுக்கு ஒன்று விழுந்தால் மற்றதும் விழும். நிறுவனம் வேறாக இருந்தும் இரண்டும் ஒரே ரவரில் தொங்கினால், கரண்ட் போய் பற்றரி இறங்கும்போது இரண்டும் சேர்ந்தே படுக்கும். ஆகவே துணை சிம்மை வேறு திசை ரவரில் இழுக்கிறதாகப் பாருங்கள்.

சிம்மோடு வரும் மலிவு போன்

காசு கொடுக்க முன்னர் *#06# அடித்து வரும் 15 இலக்கத்தை, ஐ.எம்.ஈ.ஐ. என்று ஆங்கில எழுத்தில் எழுதி ஓர் இடைவெளி விட்டுச் சேர்த்து, 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். பதிவில்லாத போன் என்று பதில் வந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.