வியர்த்த கையை அழுத்தம் என்று படிக்காதீர்கள்: உடல் உணரிகளால் அளப்பதில் நேரும் தவறுகள்

பயனரின் விரலிலோ மணிக்கட்டிலோ ஓர் உணரியை அணிவித்து, அவர் பதற்றமாக இருக்கிறாரா என்று கண்டறிந்து, அதற்கேற்பத் திரையை மாற்றும் மென்பொருளைச் செய்ய விரும்பும் மாணவர்கள் புதுச்சேரியிலும் கடலூரிலும் பெருகி வருகிறார்கள். அவர்களுடைய திட்டப்பணிகளைப் பார்த்த அளவில், பெரும்பாலான பிழைகள் நிரல் எழுதுவதற்கு முன்பே, உணரியைத் தோலில் வைக்கும் நேரத்திலேயே நிகழ்ந்துவிடுகின்றன என்பது என் கருத்து.

முதலில் தோலின் மின்கடத்துதிறனை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கையில் அடர்ந்துள்ள எக்ரைன் வியர்வைச் சுரப்பிகளை, நம்மை அறியாமலே உடலைச் செயலுக்குத் தயாராக்கும் பரிவு நரம்பு மண்டலம் இயக்குவதால், மனக்கிளர்ச்சி எழும்போது வியர்வை கூடி, மைக்ரோசீமென்ஸ் என்ற அலகில் அளக்கப்படும் மின்கடத்துதிறன் உயர்கிறது. ஆனால் உடலைக் குளிர்விப்பதற்காக வியர்க்கும்போதும் இதே நரம்பு மண்டலம்தான் வேலை செய்கிறது. அக்னி நட்சத்திர நாளில், கடலூரிலிருந்து இருசக்கர வாகனத்தில் வந்து இறங்கியவரை உடனே நாற்காலியில் அமர்த்தி அளந்தால், நமக்குக் கிடைப்பது அவருடைய பதற்றம் அல்ல, வெயில். கடற்கரைக் காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் உலராது என்பதால் இந்தக் குழப்பம் நம் ஊரில் இன்னும் கூடுகிறது. காலையில் வந்தவர்களை ஒரு குழுவாகவும் பிற்பகலில் வந்தவர்களை மற்றொரு குழுவாகவும் வைத்து ஒப்பிட்ட ஒரு திட்டப்பணியில், பிற்பகல் குழுவினர் அனைவரும் அழுத்தத்தில் இருப்பதாக முடிவு வந்ததை நானே பார்த்திருக்கிறேன். வந்தவரைக் குறைந்தது பத்துப் பதினைந்து நிமிடம் அதே அறையில் அமரவைத்து, அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் குறித்துக்கொண்டு, அவர் சும்மா இருக்கும்போதே சில நிமிட அளவீட்டை அடிப்படையாக எடுத்துக்கொள்ள வேண்டும். மின்விசிறியின் நேர்க்கீழே ஒருவரையும் மூலையில் மற்றொருவரையும் அமர்த்தக் கூடாது.

தோலைத் தயார் செய்வதிலும் கவனம் தேவை. இதய மின்வரைவுக்கு (ஈசிஜி) செய்வதுபோல் ஸ்பிரிட்டால் துடைப்பதும், அதற்கென விற்கப்படும் உப்புச்செறிவு மிகுந்த ஜெல்லைத் தடவுவதும் இங்கே பொருந்தா. இரண்டுமே மின்கடத்துதிறனை மாற்றிவிடும். தேவனாம்பட்டினத்தில் வலை இழுத்துக் காய்ப்பேறிய கையும், நாள் முழுதும் விசைப்பலகையில் இருக்கும் கையும் ஒரே எண்ணைத் தருவதில்லை. எனவே எல்லோருக்கும் பொதுவாக இத்தனை மைக்ரோசீமென்ஸுக்கு மேல் போனால் அழுத்தம் என்று எல்லை வகுப்பது தவறு. ஒவ்வொருவரையும் அவரவர் அடிப்படை அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

காலத்தைப் பற்றிய தவறு இன்னும் நுட்பமானது. ஒரு தூண்டலுக்குப் பிறகு தோலின் மறுவினை தொடங்கவே ஏறத்தாழ 1 முதல் 3 வினாடி ஆகும். பயனர் பொத்தானை அழுத்திய அதே நொடியின் எண்ணை எடுத்து அந்தப் பொத்தானோடு இணைத்தால், அதற்கு முந்தைய செயலின் விளைவை இதன் கணக்கில் எழுதியதாகிவிடும். கணினியின் கடிகாரமும் உணரியின் கடிகாரமும் மெல்ல விலகிச் செல்லும் என்பதால், பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டிலும் தெரியும்படி ஓர் அடையாளம் இட்டுவைப்பது நல்லது.

மணிக்கட்டுக் கடிகாரங்கள் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, அது திரும்பி வரும் அளவைக் கொண்டு துடிப்பைக் கணிக்கின்றன. தட்டச்சு செய்யும் கையில் அணிந்தால் அசைவும் துடிப்பாகப் பதிவாகும். மெலனின் பச்சை ஒளியை உறிஞ்சுவதால், கருந்தோலில் குறிப்பலை வலுக்குறைந்து வரக்கூடும் என்பதையும் நம் மக்களிடம் அளப்பவர்கள் மறக்கக் கூடாது. சராசரித் துடிப்பு வேகத்தைக் கணக்கிட இத்தகைய கடிகாரம் போதும். துடிப்புகளுக்கு இடையிலான கால மாறுபாட்டை அளக்கப் புகுந்தால் சிக்கல் வரும். வினாடிக்கு 25 முறை மட்டும் பதிவு செய்யும் கருவியில் இரு பதிவுகளுக்கு இடையே 40 மில்லிவினாடி இடைவெளி இருக்கிறது. நாம் தேடும் மாறுபாடே பலருக்குச் சில பத்து மில்லிவினாடிகள்தான். அந்த மாறுபாட்டை மெதுவான (தாழ் அதிர்வெண்), வேகமான (உயர் அதிர்வெண்) ஏற்ற இறக்கங்களாகப் பிரித்து, அவற்றின் விகிதத்தைக் கணக்கிட்டு, அதையே பரிவு நரம்புக்கும் உடலை அமைதிப்படுத்தும் எதிர்ப்பரிவு நரம்புக்கும் இடையிலான சமநிலை என்று எழுதிவிடும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். அந்த விளக்கம் ஆய்வாளர்களிடையே கடும் மறுப்புக்கு உள்ளானது. பேசினாலே மூச்சு மாறும், மூச்சு மாறினால் அந்த எண்களும் மாறும்.

அளவீடு சரியாகவே அமைந்தாலும் பொருள்கொள்வதில் இடறுகிறோம். தட்கலில் பயணச்சீட்டு உறுதியாகி மகிழ்ந்தவருக்கும், பணம் போய்ச் சீட்டு வராமல் திகைத்தவருக்கும் மின்கடத்துதிறன் உயரவே செய்யும். கிளர்ச்சியின் அளவை அது காட்டும்; அது இனியதா கசப்பானதா என்று சொல்லாது. அதை அறிய, பணி முடிந்ததும் பயனரிடமே கேட்டு எழுதிக்கொள்வதைவிட எளிய வழி இல்லை.

கடைசியாக, ஒருவருடைய பதிவைத் துண்டு துண்டாக வெட்டி, சிலவற்றால் கணினிக்குக் கற்பித்து, மீதியைக் கொண்டே சோதிப்பவர்கள் மிக உயர்ந்த துல்லியத்தைப் பெறுகிறார்கள். கணினி அங்கே அழுத்தத்தை அல்ல, அந்த மனிதரைத்தான் அடையாளம் கண்டிருக்கக்கூடும். பத்துப் பேரிடம் அளந்திருந்தால், ஒன்பது பேரின் தரவால் கற்பித்துப் பத்தாமவரிடம் சோதித்து, இதையே ஒவ்வொருவருக்கும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அதில் கிடைக்கும் துல்லியம் குறைவாக இருந்தாலும், திட்ட அறிக்கையில் எழுத வேண்டியது அந்த எண்தான்.