நினைவுத் தோப்பில் பலாக் கன்றுகள் பட்டுப்போன காரணம்

அம்மா நினைவாக மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பால்மரம் (ரப்பர்) வெட்டிய நிலத்தில் தோப்பு வைத்தோம். எட்டாம் மாதம் பலாக் கன்றுகளின் இலை மங்கி, மஞ்சளாகி உதிர்ந்தது. தண்ணீரைக் கூட்டினோம், உரம் போட்டோம், கரையான் மருந்து ஊற்றினோம். பத்து நாள் வீண்.

பட்ட கன்றெல்லாம் ஒரே கோட்டில் இருந்ததைப் பிறகுதான் பார்த்தோம். அது பழைய பால்மர வரிசை! சாங்குலால் (மண்வெட்டி) தோண்டினால் வேர்மேல் வெள்ளை நூல் பின்னல், கழுவினாலும் போகவில்லை. வெள்ளை வேர் நோய். மக்காத அடிக்கட்டையில் பூஞ்சை ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். புது வேர் தொட்டதும் ஏறிவிடும். இலை மஞ்சளானபின் மரம் பிழைப்பது அரிது.

கட்டைகளைப் பெயர்த்து, பென்சில் பருமன் வேர்த்துண்டுகூட விடாமல் பொறுக்கி, குழிக்கு 150 கிராம் கந்தகத் தூளை மண்ணோடு கலந்து மறுநடவு செய்தோம்.

மற்ற கன்றுகளுக்கு ஒரு சோதனை: அடித்தண்டைச் சுற்றிக் காய்ந்த புல்லை 3 வாரம் போட்டுவைத்து விலக்கிப் பாருங்கள். நோய் இருந்தால் அந்த ஈரத்தில் வெள்ளை நூல் மேலேறித் தெரியும், இலை பச்சையாக இருக்கும்போதே. இரண்டு கன்றில் தெரிந்தது. புரோபிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியை டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கலந்து வேரடியில் ஊற்றினோம். ஆறு மாதமாக எதுவும் மஞ்சளாகவில்லை.