எருமை சிவப்பாக மூத்திரம் பெய்தால்

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமப் பக்கம் எருமைகள் சேற்றில் கிடப்பதால் உண்ணி குறைவு. குளம் வற்றினால் அந்தக் காவலும் போகும். ஓர் எருமைக்குப் பால் சட்டென்று இறங்கி, காய்ச்சல் 41 பாகை செல்சியஸ் ஏறி, மூத்திரம் கோப்பி நிறமானதும் உண்ணி பரப்பும் இரத்த ஒட்டுண்ணியான பபேசியா என்றே சந்தேகித்தேன். மூத்திரத்தைப் போத்தலில் அசையாமல் வைத்துப் பாருங்கள்: இரத்தமென்றால் அடியில் படியும், பபேசியாவால் உடைந்த செங்குருதிக் கலத்தின் நிறமி படியாது. காது நுனி இரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் பூசியெடுப்பது ஊசிக்கு முன்பே. பிறகு ஒட்டுண்ணி அகப்படுவது கடினம். மிருக வைத்தியர் ஒட்டுண்ணியைக் கொல்லும் டைமினசீன் மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 3.5 மில்லிகிராம் கணக்கில் தசையில் ஆழமாகப் போட்டார். 300 கிலோவுக்கு 1.05 கிராம். எடையைக் கண்மதிப்பில் சொன்னால் அளவு பிழைக்கும், நெஞ்சைச் சுற்றி நாடா பிடியுங்கள். மூத்திரம் தெளிந்தவுடன் வெயிலில் நடத்தாதீர்கள். இரத்தச்சோகை வாரக்கணக்கில் நிற்கும். சினை எருமை கன்று வீசவும் கூடும்.