மைக்ரோசிப் பொருத்திய பின்னர் செய்ய வேண்டிய வேலை

சிங்கப்பூரில் மூன்று மாதத்தைக் கடந்த எந்த நாயையும் உரிமமின்றி வளர்க்கக் கூடாது. மீறினால் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கப்படலாம். அந்த உரிமத்தைப் பெற, நாய்க்கு முதலில் மைக்ரோசிப் பொருத்தியிருக்க வேண்டும்.

மைக்ரோசிப் என்பது ஓர் அரிசி மணியைப் போன்றது. ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் பருமனும் கொண்டது. அதில் பேட்டரி கிடையாது. ஸ்கேனரை அருகில் கொண்டு செல்லும்போது மட்டும், அதன் அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்று, தன்னுள் இருக்கும் எண்ணை அது வெளியிடும். ஆகவே நாய் எங்கே நிற்கிறது என்பதை அது காட்டும் என எதிர்பார்க்க வேண்டாம். அது யாருடைய நாய் என்பதைக் கண்டறியவே அது உதவும்.

கால்நடை மருத்துவரிடம் சென்றதும், நாயை முதலில் ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். தத்தெடுத்த நாயாக இருந்தால் ஏற்கெனவே சிப் இருக்கக்கூடும். இல்லையென்றால், தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைச் சற்றுத் தூக்கிப் பிடித்து மருத்துவர் ஊசி வழியாகச் சிப்பைச் செலுத்துவார். தடுப்பூசியைவிடச் சற்றுத் தடித்த ஊசி என்பதால் நாய் ஒரு கணம் துள்ளும். தலையை மடியில் அணைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தால் போதும், மயக்க மருந்து தேவையில்லை. அதன் பிறகு மறுபடியும் ஸ்கேன் செய்யச் சொல்லி, திரையில் தெரியும் 15 இலக்கங்களையும் உங்களிடம் தரும் ஒட்டுத்தாளில் உள்ள இலக்கங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்குநல மருத்துவச் சேவையின் இணையத்தளத்தில் சிங்பாஸ் எனும் அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கு மூலம் நுழைந்து, சிப் எண்ணைப் பதிந்து உரிமத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓராண்டு உரிமத்திற்குக் கருத்தடை செய்த நாய்க்கு 15 வெள்ளியும், கருத்தடை செய்யாத வளர்ந்த நாய்க்கு 90 வெள்ளியும் கட்டணம்.

தீபாவளியன்று உறவினர்கள் வந்துபோகும் பரபரப்பில் எங்கள் வீட்டு இரும்புக் கதவு திறந்து கிடந்தது. எங்கள் நாய் மணி தாழ்வாரம் வழியாக ஓடிவிட்டான். அவனைக் கண்டெடுத்தவர் ஒரு கால்நடை மருந்தகத்தில் ஸ்கேன் செய்தும், பதிவில் இருந்தது நான் கைவிட்ட பழைய கைப்பேசி எண். மூன்று நாள் அவனுடைய தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அன்றிலிருந்து வீடு மாறினாலோ எண் மாறினாலோ, மற்ற எந்தக் கடிதத்திற்கும் முன்பாக அந்தப் பதிவைத் திருத்திவிடுகிறேன்.

நாயோடு வெளிநாடு செல்லும் எண்ணம் இருந்தால், வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு முன்பே சிப்பைப் பொருத்திவிடுங்கள். தடுப்பூசிச் சான்றிதழில் சிப் எண் இடம்பெறாவிட்டால் ஊசியை மீண்டும் போட நேரிடலாம். சில சமயம் சிப் தோலுக்கடியில் தோள்பக்கமோ முன்காலை நோக்கியோ நகர்ந்துவிடும். எனவே ஆண்டுதோறும் தடுப்பூசிக்குச் செல்லும்போது முதுகோடு நிறுத்தாமல் இரு பக்கங்களிலும் ஸ்கேன் செய்யச் சொல்லி, அது இன்னும் எண்ணைக் காட்டுகிறதா என்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.