பூமிக்காகச் சாப்பாட்டை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுற்றுச்சூழலை நினைத்துச் சமையலை மாற்றும் வீடுகள் பெருகிவருகின்றன. நல்ல விஷயம். அந்த அக்கறையெல்லாம் பலன் குறைந்த இடத்தில் செலவாகிறதே என்பதுதான் என் வருத்தம்.

முதல் தவறு, கறியை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் பன்னீரையும் சீஸையும் வைப்பது. மாடு தின்ற தீவனம் அதன் வயிற்றில் செரிக்கும்போது, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு உண்டாகிறது. பாலுக்கும் அந்தக் கணக்கு உண்டு. ஒரு கிலோ பன்னீருக்கு ஐந்தாறு லிட்டர் பால் பிடிக்கும், கெட்டி சீஸுக்குச் சுமார் 10 லிட்டர். 119 நாடுகளின் பண்ணை விவரங்களைத் தொகுத்து 2018இல் வெளிவந்த ஆய்வின்படி, ஒரு கிலோ சீஸுக்கு உலகச் சராசரியில் சுமார் 24 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும் வாயுக்கள் வெளியாகின்றன. கோழிக்கறிக்குச் சுமார் 10 கிலோதான். அதனால் கோழியை விட்டுவிட்டு அடிக்கடி பன்னீர் பட்டர் மசாலா செய்வதால் பூமிக்குப் பெரிய லாபம் இல்லை. மோரையும் தயிரையும் விடச் சொல்லவில்லை. கறி இருந்த இடத்துக்குப் பருப்பு, மொச்சை, காராமணி, கொண்டைக்கடலை வரட்டும். இந்தச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் யூரியா தேவை குறைவு. முந்தின இரவே ஊறப்போட்டு குக்கரில் வேகவைத்தால் கேஸும் மிச்சம்.

அடுத்து, அரிசியை எதிரியாக்குவது. நீர் தேங்கிய நெல்வயலிலிருந்து மீத்தேன் வருகிறது, சரி. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி நீர் பாய்ச்சினால் அது வெகுவாகக் குறையும், தண்ணீரும் மிஞ்சும். அப்படி விளைவிக்கும் விவசாயியிடம் வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஒரு வேளைக்குச் சாமை, வரகு, தினை சமைப்பதும் நல்லதே. இவை பெரும்பாலும் மழையை நம்பி விளையும் மானாவாரிப் பயிர்கள். வெளுக்கத் தீட்டியதை மட்டும் வாங்க வேண்டாம், தவிட்டோடு சத்தும் போய்விடும். சிறுதானிய பிஸ்கட், நூடுல்ஸ் வாங்கும்முன் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பாதிக்கு மேல் மைதாவாக இருக்கலாம்.

தானியம் ஆலைக்குப் போய் வந்தாலே பூமிக்குக் கெடுதல் என்பதும் சரியில்லை. புழுங்கலரிசி ஆலைகள் பலவற்றில் நெல் உமியே எரிபொருள். தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். புகையும் சாம்பலும் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லைதான், அதை ஆலைகள் சரிசெய்தே ஆக வேண்டும்.

உணவு எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று ரொம்பக் கவலைப்பட வேண்டாம். அதே ஆய்வில், உணவால் வரும் வாயு வெளியேற்றத்தில் போக்குவரத்தின் பங்கு சுமார் 6 சதவீதம்தான். விமானத்தில் வரும் பழங்களைத் தவிர்த்தால் போதும்.

எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, பாதியைக் குப்பையில் கொட்டுவதுதான் எனக்கு ஆறவே ஆறாதது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து வந்தது. சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடி போன்ற குப்பைமேடுகளுக்குள் புதைந்த சோறு காற்றில்லாமல் அழுகி மீத்தேனாகிறது. ஆகவே அளந்து உலை வையுங்கள், மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வையுங்கள். அப்புறம், காய்கறித் தோலை மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள், உரமாகும்.