இளையவர்களை டிராக் ரேஸுக்கு அழைத்து வருகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போன மாதம் ஒரு டிராக் பந்தய நாளில் (நேரான ஓடுபாதையில் இரண்டு இரண்டு வண்டிகளாக ஓடும் பந்தயம்), புதிதாகக் கிளப் தொடங்கிய இரண்டு பேர் ஏழெட்டு இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மாலை நான்கு மணிக்குள் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். கூட்டி வந்தவர்களுக்குக் காரணம் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பத்து வருடங்களுக்கு முன்னால் நானும் அதையே செய்துதான் வந்தவர்களை இழந்தேன்.

ஹெல்மெட் எடுத்து வரச் சொல்லுங்கள், டயரில் காற்றைப் பாருங்கள், கட்டணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். அனுபவம் உள்ளவர்களே செய்கிற தவறுகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பெரிய வண்டிகளைக் காட்டி ஆசை மூட்டுவது

இந்தப் பந்தயத்தின் மிக வேகமான வகையான டாப் ஃப்யூல் வண்டிகளின் வீடியோவைக் காட்டித்தான் பலர் பேச்சைத் தொடங்குகிறார்கள். சுமார் 11,000 குதிரைத்திறன், 1,000 அடியை நான்கு விநாடிக்குள் கடப்பது, மணிக்கு 530 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம். பார்க்கிற பையன் வாயைப் பிளப்பான். அப்புறம் "இது நமக்கு ஆகாது" என்று மனசுக்குள் முடிவு கட்டிவிடுவான். வீட்டில் நிற்கும் காரையே ஓடுபாதையில் ஏற்றலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

பிராக்கெட் பந்தயத்தில் ஒவ்வொருவரும் தன் வண்டி எத்தனை விநாடியில் ஓடும் என்று முன்பே எழுதிக் கொடுக்கிறார்கள். அதுதான் டயல்-இன். மெதுவான வண்டிக்கு அந்த வித்தியாசம் அளவுக்கு முன்னதாகப் பச்சை விளக்கு விழும். அதனால் 15 விநாடி வண்டி 10 விநாடி வண்டியைத் தோற்கடிக்க முடியும், தோற்கடிக்கவும் செய்கிறது. அப்படி ஒரு சுற்றை நேரில் காட்டுங்கள்.

முதல் நாளே எலிமினேஷனில் இறக்கிவிடுவது

தோற்றால் வெளியேற வேண்டிய சுற்றுகள்தான் எலிமினேஷன். புதியவனை முதல் நாளே அதில் இறக்கியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது, முதலில் என் மேல்தான்.

பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனை நான் அழைத்துப் போனேன். அப்பாவின் சாதாரண ஆட்டோமேட்டிக் கார். காலை எட்டு மணிக்கு வந்தான். கால் மைல் ஓடுபாதையில் மூன்று பழகல் ஓட்டங்கள்: 15.31, 15.24, 15.27. "டயல்-இன் 15.20 எழுது, மற்றதெல்லாம் ஓட்ட ஓட்டப் புரிந்துவிடும்" என்று சொல்லிவிட்டு என் வண்டியோடு நான் வரிசையில் போய் நின்றுகொண்டேன்.

அவனுடைய முதல் சுற்று வரும்போது வெயில் தாழ்ந்து காற்று குளிர்ந்திருந்தது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, இன்ஜினுக்குத் தெம்பு கூடும், வண்டி கொஞ்சம் வேகமாக ஓடும். இதை அவனிடம் நான் சொல்லியிருக்கவில்லை. எதிரில் இருந்தவரின் டயல்-இன் 12.90. பையனுக்கு 2.30 விநாடி முன்னதாகப் பச்சை விழுந்தது. புறப்பட்டான், கடைசிவரை முழுசாக மிதித்தான், முதலில் கோட்டைத் தாண்டினான். வெற்றி விளக்கு எரிந்தது அடுத்த லேனில்.

திரும்பி வந்து கேட்டான்: "அண்ணா, நான்தானே முதல்ல போனேன்?" பக்கத்தில் நின்ற ஒருவர் "பிரேக்அவுட் தம்பி" என்று சிரித்துவிட்டு நகர்ந்தார். எனக்கு அடுத்த சுற்று இருந்தது. "அப்புறம் சொல்றேன்" என்றேன். சுற்று முடிந்து நான் திரும்பியபோது அவன் கார் நின்ற இடம் காலியாக இருந்தது. அதன் பிறகு அவன் வரவே இல்லை.

அவன் கையில் இருந்த டைம் ஸ்லிப்பை, அதாவது ஓட்டத்தின் நேரங்களை அச்சடித்துத் தரும் சீட்டை, நான் பார்த்திருந்தேன், அந்த எண்கள் இன்னும் மனப்பாடம். ரியாக்ஷன் டைம், அதாவது பச்சை விழுந்ததிலிருந்து வண்டி நகரும்வரை ஆன நேரம், .210; ஓடிய நேரம் 15.14. எழுதிக் கொடுத்ததைவிட .06 வேகமாக ஓடிவிட்டான்; அதுதான் பிரேக்அவுட், அதனால் தோல்வி. எதிராளி .190, 12.97. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பையனுக்கு அவனுடைய பச்சையிலிருந்து 15.35. எதிராளிக்கு 13.16, அதோடு காத்திருந்த 2.30, மொத்தம் 15.46. பையன் .11 விநாடி முன்னால் இருந்தான். கோட்டுக்கு முன்னால் காலைக் கொஞ்சம் தளர்த்தி 15.22 ஓடியிருந்தால் 15.43-இல் வந்திருப்பான். அப்போதும் அவன்தான் முன்னால், வெற்றியும் அவனுக்கே. ஸ்லிப்பைக் கையில் வைத்து இதைச் சொல்ல மூன்று நிமிடம் போதும். சொல்லியிருந்தால் "ஏமாத்திட்டாங்க" என்ற எண்ணத்தோடு போகாமல், "அடுத்த தடவை விடமாட்டேன்" என்று போயிருப்பான்.

இன்னொரு கணக்கும் உண்டு. அன்றைக்கு அவன் ஓடிய நான்கு ஓட்டங்களையும் கூட்டினால் 60.96 விநாடி. நாள் முழுக்க வெயிலில் நின்றதற்கு ஒரு நிமிடம். நமக்கு அது பழகிப்போன விஷயம். புதியவனுக்கு அது ஒரு நாள் வீண்.

போன மாதம் கிளம்பிப்போன அந்த இளைஞர்களும் முதல் சுற்றில் தோற்றவர்கள்தான். அவர்களோடு வந்து அதேபோல் தோற்ற ஒரு பெண் ஸ்லிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு தனியாக நின்றாள். நான் போய் உட்கார்ந்து விளக்கினேன். அவள் ரெட் லைட்டில் போயிருந்தாள், பச்சைக்கு .018 முன்னதாக. "அவ்வளவு கிட்டத்திலயா?" என்று கேட்டாள், முகமே மாறிவிட்டது. அவள் கடைசிவரை இருந்தாள்.

அதனால், முதல் நாள் டெஸ்ட் ஓட்டங்களுக்கு மட்டும் கூட்டிப் போங்கள். எதிராளி வேண்டாம், வெற்றி தோல்வி வேண்டாம், ஐந்தாறு ஓட்டம் கிடைத்தால் போதும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஸ்லிப்பை வரி வரியாகச் சேர்ந்து படியுங்கள். புதியவர்கள் எல்லோரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு: பச்சை விழுந்தபின் இரண்டு விநாடி சும்மா நின்றாலும் ஓட்ட நேரம் கூடாது. சக்கரம் புறப்படும் கோட்டில் உள்ள ஸ்டேஜ் ஒளிக்கதிரை விட்டு நகரும்போதுதான் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். நின்ற நேரம் ரியாக்ஷன் டைமில் தனியாக ஏறும். இது புரிந்த நாளில்தான் விளையாட்டே புரியும்.

அப்புறம் விளக்குக் கம்பம். மூன்று மஞ்சளும் அரை விநாடி இடைவெளியில் எரியும், அதற்கடுத்த அரை விநாடியில் பச்சை. பச்சையைப் பார்த்துப் புறப்பட்டால் தாமதம், மூன்றாவது மஞ்சளில் கால் அசைய வேண்டும். இதைப் பத்து தடவை வாயால் சொல்வதைவிட ஒரு தடவை கம்பத்துக்குப் பக்கத்தில், வேலிக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, நல்ல ஓட்டுநர்களின் முன்சக்கரத்தைப் பார்க்க வையுங்கள். அதன் பிறகு, அடுத்த வாரமோ அதற்கடுத்ததோ, அவர்களே கேட்கும்போது எலிமினேஷன்.

அவர்கள் வண்டியைக் குறை சொல்வது

"இதையா கொண்டு வந்தே?" இந்த ஒரு கேள்வி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறது! முன்சக்கர இழுவை, ஆட்டோமேட்டிக், மின்சாரக் கார் என்று பெரியவர்கள் முகம் சுளிக்கிற வண்டிகள்தான் பெரும்பாலும் ஓட்டத்துக்கு ஓட்டம் ஒரே மாதிரி ஓடும். பிராக்கெட்டில் அதுதானே வேண்டும்? மின்சாரக் காரில் பேட்டரி இறங்க இறங்க நேரம் மாறும், அதையும் அவர்கள் சீக்கிரமே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

குறை சொல்லும் வாயால் உபயோகமாக இரண்டு விஷயம் சொல்லலாம். ஏசியை வரிசையிலேயே அணைத்துவிட வேண்டும், அதிலிருந்து சொட்டும் தண்ணீர் ஓடுபாதையில் விழக்கூடாது. சாலை டயர் போட்ட வண்டி, பந்தய டயர்களைச் சுழற்றிச் சூடேற்ற ஊற்றி வைத்திருக்கும் பர்ன்அவுட் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். டயர்ப் பள்ளங்கள் அந்தத் தண்ணீரைப் புறப்படும் கோடுவரை சுமந்து போனால் அவனும் வழுக்குவான், அடுத்து வருபவனும் வழுக்குவான்.

வீட்டாரை மறந்துவிடுவது

சின்னப் பிள்ளைகளுக்கென்றே வழி இருப்பது பல பெற்றோருக்குத் தெரியாது. அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ 1992-இல் ஜூனியர் டிராக் ரேஸிங் லீகைத் தொடங்கியது. பாதி அளவு டிராக்ஸ்டர்கள் (நீண்டு ஒல்லியான பந்தய வண்டிகள்), 1/8 மைல் தூரம், வயதுக்கு ஏற்ற வேகக் கட்டுப்பாடு. இன்று 5 முதல் 17 வயதுவரை அதில் சேரலாம். அங்கே 13 முதல் 16 வயதினர் சாதாரணக் காரை ஓட்டவும் ஒரு பிரிவு இருக்கிறது, பக்கத்து இருக்கையில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் ஓடுபாதையில் என்ன விதி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவை வண்டிப் பரிசோதனை நடக்கும் இடத்துக்கே அழைத்துப் போங்கள். சீட் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பதையும், பேட்டரி அசையாமல் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பதையும் அவர் கண்ணால் பார்க்கட்டும்.

தெருப் பந்தயக் கதைகளை ரசித்துச் சொல்வது

ஒரு தடவைகூட வேண்டாம். 1951-இல் என்.எச்.ஆர்.ஏ உருவானதன் முக்கிய நோக்கமே பந்தயத்தைத் தெருவிலிருந்து எடுத்து ஓடுபாதையில் சேர்ப்பதுதான்.

எடுபிடி வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது

டயர் உருட்ட வந்தவனுக்கு அதே நாளில் ஒரு ஓட்டமாவது கொடுங்கள்.

ஸ்லிப்பைக் கசக்கி எறிய விடுவது

கோபத்தில் கசக்குவார்கள். வாங்கி நீவி வையுங்கள். பின்பக்கத்தில் நேரம், வெயிலா மேகமா, டயர்க் காற்று, எரிபொருள் அளவு, எங்கே தவறினான் என்று அவன் கையாலேயே எழுத வையுங்கள். அடுத்த முறை டயல்-இன் எழுதும்போது அந்தத் தாள்களைத்தான் அவன் முதலில் தேடுவான். அவற்றைப் போட்டு வைக்க ஒரு கவரையும் கொடுத்து அனுப்புங்கள்.